ஒரு நாட்டை நாடென்று ஏற்பது யார்?

1960ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் தேதி, ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்குக் கோடியில், ஏடன் வளைகுடாவை நோக்கிய கரையில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்துவந்த சோமாலிலாந்து என்னும் பிரதேசம் சுதந்திரம் அடைந்தது. முகம்மது ஹாஜி இப்ராஹிம் எகால் என்பவர் அதன் அரசாங்கத் தலைவரானார். உலக தேசங்கள் பலவும் அதனை ஒரு ராஜ்யமென்று ஒப்புக்கொண்டன. ஆயினும் அந்த ராஜ்யத்தின் ஆயுள் ஐந்தே நாள்தான். ஜூலை 1ஆம் தேதி, இத்தாலியின் பொறுப்பிலிருந்து விடுபட்ட தெற்குச் சோமாலியாவுடன் அது தானே விரும்பி இணைந்து, சோமாலியக் குடியரசு என்னும் புதிய நாட்டின் வடபகுதியாயிற்று.

அந்த இணைப்பு இன்பமாக நிலைக்கவில்லை. 1969இல் ராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய சியாத் பர்ரேயின் சர்வாதிகாரத்தில் வடபகுதியார் துன்புற்றனர். 1988இல் தம் சொந்த நாட்டு விமானங்களே ஹர்கெய்சா நகரின்மேல் குண்டு பொழிவதையும் கண்டனர். 1991இல் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்து சோமாலியா முழுவதும் அராஜகத்தில் மூழ்கியபோது, வடபகுதிக் குலத்தலைவர்கள் கூடி, மே மாதம் 18ஆம் தேதி, தங்கள் பழைய சுதந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகப் பிரகடனம் செய்தனர். அன்றுமுதல் அந்தப் பிரதேசம் தனக்கென நாணயமும், சேனையும், காவல்துறையும், பாராளுமன்றமும் உடையதாய், ஹர்கெய்சாவைத் தலைநகராகக் கொண்டு தன்னைத் தானே ஆண்டுவருகிறது. ஆயினும் 2025 டிசம்பர் வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக, ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு ஒன்றேனும் அதனை அங்கீகரிக்க முன்வரவில்லை. கொடியைத் தவிர வேறொன்றும் கைக்கு வந்துசேராத ஐந்து நாட்களில் ராஜ்யமாக இருந்த ஓர் இடம், ராஜ்யத்துக்குரிய சாதனங்கள் யாவும் அமைந்த முப்பதாண்டுகளில் ராஜ்யமாகக் கொள்ளப்படவில்லை என்றால், ஒரு பிரதேசத்தை ராஜ்யமாக்குவது எது, அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்னும் வினாக்கள் எழுவது இயல்பு.

நான்கு லட்சணங்கள்

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது, தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகரான மொண்டெவிடியோவில் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையாகும். நிலையாக வாழும் மக்கள், வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற ராஜ்யங்களுடன் உறவு கொள்ளும் தகுதி ஆகிய நான்கும் அமைந்ததே ராஜ்யம் என்று அதன் முதல் விதி கூறுகிறது. மற்ற நாடுகள் அங்கீகரித்தாலும் அங்கீகரிக்காவிட்டாலும் ராஜ்யத்தின் அரசியல் வாழ்வு அதனைச் சார்ந்ததன்று என்பது அதன் மூன்றாம் விதி. ஒரு கண்டத்து நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமே ஆயினும், இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் இப்பொருளைப் பயிலத் தொடங்குவது இவ்விரண்டு விதிகளிலிருந்தேயாகும்.

விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை உலக வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு லட்சணமும் இளகிப்போகிறது. மக்கள் வேண்டும் என்றால் எத்தனை பேர்? பன்னிரண்டாயிரம் பேரளவே வாழும் நவுரு என்னும் பசிபிக் தீவு ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவோடு சம வாக்குரிமை பெற்று அமர்ந்திருக்கிறது. நிலப்பரப்பு வரையறுக்கப்பட வேண்டும் என்றால் எவ்வளவு துல்லியமாக? எல்லைகள் இறுதியாகத் தீர்மானிக்கப்படாத நிலையிலேயே இஸ்ரேல் 1949இல் சபையின் உறுப்பினராயிற்று. அரசாங்கம் வேண்டும் என்பதோ எல்லாவற்றினும் விந்தையான முறையில் பொய்த்துப்போனது. 1991க்குப் பின் பல ஆண்டுகள், நாடு முழுவதையும் ஆள்வதாகச் சொல்லிக்கொள்ளத்தக்க மத்திய அரசாங்கமே இல்லாதிருந்த சோமாலியா, சபையின் உறுப்பு நாடு என்னும் தகுதியை ஒருநாளும் இழக்கவில்லை. நிலத்தை உழுது பயிர் செய்து அனுபவிப்பவர் ஒருவராகவும், பட்டா வேறொருவர் பெயரிலும் இருக்கும் வழக்குகளை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். ஹர்கெய்சாவுக்கும் சோமாலியத் தலைநகரான மொகதிஷுவுக்கும் இடையே உள்ள வழக்கும் ஏறக்குறைய அத்தகையதே. வேற்றுமை என்னவென்றால், பட்டா வழக்கைத் தீர்க்க ஒரு நீதிமன்றம் உண்டு. இதற்கோ அது இல்லை.

இரு சித்தாந்தங்கள்

அங்கீகாரம் என்பது என்ன செய்கிறது என்பதைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலமாக இரு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். லட்சணங்கள் அமைந்தவுடனே ராஜ்யம் பிறந்துவிடுகிறது, மற்றவர்களின் அங்கீகாரம் ஏற்கெனவே இருக்கும் உண்மையை அறிவிப்பதே தவிர வேறில்லை என்பது ஒரு சாராரின் கொள்கை. மற்ற ராஜ்யங்கள் அங்கீகரித்த பின்னரே ஒரு பிரதேசம் சர்வதேசச் சட்டத்தின் கண்முன் ராஜ்யமாக உருவாகிறது, அதற்குமுன் அது வெறும் நிலமும் மக்களுமே என்பது எதிர்ச்சாராரின் கொள்கை. ஜெர்மனியில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கிய லாசா ஓப்பன்ஹைம் இப்பின்னைய கொள்கையின் முக்கியப் பிரதிநிதி.

இரண்டும் தர்க்கத்தில் தடுக்கி விழுபவையே. முதற்கொள்கையை முற்றிலும் ஏற்றால், துப்பாக்கி முனையில் ஒரு மாகாணத்தைப் பிரித்து, நாலுபேரை மந்திரிகளாக உட்காரவைத்தாலும், அதையும் ராஜ்யமென்று கொள்ளவேண்டிய நிலை வரும். இரண்டாம் கொள்கையை முற்றிலும் ஏற்றால், நூறு நாடுகள் ஒப்புக்கொண்டு தொண்ணூறு நாடுகள் மறுக்கும் ஒரு பிரதேசம், ஒரே நேரத்தில் ராஜ்யமாகவும் ராஜ்யமல்லாததாகவும் இருக்கவேண்டி வரும். அன்றியும், எத்தனை நாடுகள் அங்கீகரித்தால் போதும் என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் கணக்கில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண முயன்றவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். லட்சணங்கள் பூர்த்தியானபின் அங்கீகாரம் அளிப்பது நாடுகளின் விருப்பமன்று, கடமையேயாகும் என்று அவர் 1947இல் வாதித்தார். நூலளவில் அந்த வாதம் நியாயமானதாகவே தோன்றுகிறது. நடைமுறையில் எந்த வெளிநாட்டு அமைச்சகமும் அப்படியொரு கடமையைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளவில்லை.

யுகோஸ்லாவியா சிதறிக்கொண்டிருந்த 1991இல், பிரெஞ்சு நீதிபதி ராபர்ட் பதந்தேர் தலைமையில் ஐரோப்பிய நாடுகள் அமைத்த நடுவர் குழு, ராஜ்யம் இருக்கிறதா இல்லையா என்பது நிகழ்ச்சி உண்மையைப் பொறுத்ததே என்றும், அங்கீகாரத்தின் பயன் அறிவிப்பு மாத்திரமே என்றும் அபிப்பிராயம் கூறியது. ஆனால் அதே ஐரோப்பிய நாடுகள் அதே மாதங்களில், சிறுபான்மையோர் உரிமைகளைக் காப்பதும் எல்லைகளை மதிப்பதும் போன்ற நிபந்தனைகளை முன்வைத்தே புதிய நாடுகளை அங்கீகரித்தன. கொள்கையில் முதற்சித்தாந்தமும் நடைமுறையில் இரண்டாவதும் ஆள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சபையின் வாயில்

இத்தனை குழப்பம் எதற்கு, ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராக இருப்பதையே அடையாளமாகக் கொண்டால் என்ன என்று வாசகர் கேட்கலாம். உறுப்பு நாடுகள் இன்று 193. கடைசியாகச் சேர்ந்தது 2011 ஜூலையில் தெற்கு சூடான். இந்த எண் வசதியானதுதான். ஆனால் அதுவே உண்மையின் முழு உருவமாகாது. பிரிட்டிஷாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்தியா 1945இல் அச்சபையின் ஸ்தாபக உறுப்பினராகக் கையெழுத்திட்டது. சோவியத் யூனியனின் பகுதிகளான உக்ரேனும் பைலோரஷ்யாவும் அப்படியே சேர்க்கப்பட்டன. இம்மூன்றில் ஒன்றுகூட அப்போது சுதந்திர ராஜ்யமன்று. மறுபுறம், நூற்றாண்டுகளாகச் சுதந்திரமாக வாழ்ந்துவரும் சுவிட்சர்லாந்து 2002 வரை சபைக்கு வெளியேதான் இருந்தது. ஆகவே உள்ளே இருந்தவை எல்லாம் ராஜ்யங்களும் அல்ல. வெளியே இருந்தவை எல்லாம் ராஜ்யமற்றவையும் அல்ல.

உள்ளே புகும் வழியோ அரசியலால் அடைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கவுன்சிலின் பதினைந்து உறுப்பினர்களுள் ஒன்பது பேர் ஆதரிக்க வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவருள் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. அதன்பின் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். 1971 டிசம்பர் 6ஆம் தேதி இந்தியாவும் பூட்டானும் அங்கீகரித்த வங்காள தேசம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாயிலைத் தட்டியபோது, சபைக்குள் தான் நுழைந்து ஓராண்டும் நிறையாத செஞ்சீனம் தனது முதல் வீட்டோவைப் பிரயோகித்து அதனைத் தடுத்தது. ஏழரைக் கோடிப் பேரளவு மக்களும், முழு நிலப்பரப்பும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையும் உடைய அந்நாடு, 1974 பிப்ரவரியில் பாகிஸ்தானே அதனை ஏற்றுக்கொண்ட பின்னர், அவ்வாண்டு செப்டம்பரில்தான் உறுப்பினராக முடிந்தது. பாலஸ்தீனத்தின் வரலாறும் இத்தகையதே. 1988இல் பிரகடனம் செய்யப்பட்ட உடனே இந்தியா அதனை அங்கீகரித்தது; 2012இல் பொதுச்சபை 138 வாக்குகளால் அதற்கு உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு என்னும் ஸ்தானத்தை அளித்தது; இன்று சபை உறுப்பினருள் பெரும்பான்மையோர் அதனை ராஜ்யமாகவே கொள்கின்றனர். ஆயினும் 2024 ஏப்ரலில் பாதுகாப்புக் கவுன்சிலில் பன்னிரண்டு நாடுகள் அதன் பிரவேசத்தை ஆதரித்தபோதும், அமெரிக்காவின் ஒற்றைக் கை உயர்ந்து அதனைத் தடுத்துவிட்டது.

ராஜ்யத்தை அங்கீகரிப்பது ஒன்று, அதன் அரசாங்கத்தை அங்கீகரிப்பது வேறொன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2021இல் காபூலைக் கைப்பற்றிய தாலிபான்களை அநேக நாடுகள் அங்கீகரிக்கவில்லை. அதனால் ஆப்கானிஸ்தான் என்னும் நாடு மறைந்துவிடவில்லை. 1971 அக்டோபர் 25ஆம் தேதி பொதுச்சபை நிறைவேற்றிய 2758ஆம் தீர்மானமும், சீனாவின் ஆசனத்தில் அமர உரியவர்கள் பீகிங் அரசாங்கத்தாரா, தைவான் தீவில் ஒதுங்கிய சியாங் கை ஷேக்கின் அரசாங்கத்தாரா என்னும் பிரதிநிதித்துவ வழக்கையே தீர்த்தது. அந்த வழக்கில் தோற்றவர்களோடு, அத்தீவின் மக்களும் உலக சபைகளின் வெளிவாசலில் நிற்கவேண்டியவராயினர். இரண்டேகால் கோடிக்கு மேற்பட்ட ஜனத்தொகையும், வலிய ராணுவமும், உலகமே நம்பியிருக்கும் சிப் தொழிற்சாலைகளும், மக்கள் வாக்கால் மாறும் அரசாங்கமும் உடைய தைவானை இன்று முறைப்படி அங்கீகரிப்பவை ஏறக்குறைய ஒரு டஜன் நாடுகளே.

பிறந்த விதம்

இதுவரை சொன்னவற்றால், அங்கீகாரம் என்பது வல்லரசுகளின் மனம்போன போக்கு மாத்திரமே என்று கொண்டுவிடுவதும் தவறாகும். பிரதேசம் எவ்வளவு திடமாக ஆளப்பட்டாலும், அது பிறந்த விதம் நியாயமற்றதாக இருந்தால் அதனை ஏற்பதில்லை என்னும் கொள்கை கடந்த ஒரு நூற்றாண்டில் வேரூன்றியிருக்கிறது. 1931இல் மஞ்சூரியாவை ஆக்கிரமித்த ஜப்பான், மறு ஆண்டு அங்கே மஞ்சுகோ என்னும் பொம்மை ராஜ்யத்தை நிறுவி, சீனாவின் கடைசிச் சக்கரவர்த்தியாக இருந்த பூ யியை அதன் தலைமையில் அமர்த்தியது. ஆக்கிரமிப்பினால் உண்டாகும் நிலைமைகளை ஒப்புவதில்லை என்று அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஸ்டிம்சன் அதற்குச் சற்று முன்பே அறிவித்திருந்தார். சர்வதேச சங்கமும் அவ்வழியே சென்றது. 1965 நவம்பர் 11ஆம் தேதி, பெரும்பான்மையரான கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் பங்கு தர மனமில்லாத வெள்ளைச் சிறுபான்மையோர் ரொடீஷியாவின் சுதந்திரத்தைத் தாமே பிரகடனம் செய்தனர். அவர்களிடம் மக்கள், நிலம், அரசாங்கம், சேனை யாவும் இருந்தன. ஆயினும் பாதுகாப்புக் கவுன்சிலின் வேண்டுகோளுக்கு இணங்க ஒரு நாடுகூட அதனை அங்கீகரிக்கவில்லை. 1980இல் ஜிம்பாப்வே பிறக்கும் வரையில் அது அவ்வாறே ஒதுக்கப்பட்டிருந்தது.

1974இல் துருக்கியப் படைகள் இறங்கிய சைப்ரஸ் தீவின் வடபகுதி 1983 நவம்பரில் தன்னைத் தனிக் குடியரசாகப் பிரகடனம் செய்தது. சில நாட்களிலேயே பாதுகாப்புக் கவுன்சில் தனது 541ஆம் தீர்மானத்தால் அப்பிரகடனம் சட்டப்படி செல்லாதது என்று கூறிற்று. இன்றுவரை துருக்கி ஒன்றே அதனை ஒப்புகிறது. ஆக, மொண்டெவிடியோ கூறிய நான்கு லட்சணங்களோடு, எழுதப்படாத ஐந்தாம் லட்சணம் ஒன்றும் இருக்கிறது: பலாத்காரத்தாலோ இனவெறியாலோ பிறந்ததாக இருத்தல் ஆகாது என்பதே அது.

ஆனால் இந்த ஐந்தாம் லட்சணத்தையும் எல்லோரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. செர்பியாவின் மாகாணமாயிருந்து, 1999இல் நேட்டோ படைகளின் வான்தாக்குதலுக்குப் பின் ஐக்கிய நாடுகள் சபையின் நிர்வாகத்தில் வைக்கப்பட்ட கோசோவோ, 2008 பிப்ரவரி 17ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளுள் பெரும்பாலானவையும் அதை வரவேற்றன. ரஷ்யா அதனைச் சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் ரஷ்யா அங்கீகரித்தது; அமெரிக்கா அதனைச் சட்டவிரோதம் என்றது. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் இவ்விவாதத்தைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். 2010 ஜூலை 22ஆம் தேதி பத்துக்கு நான்கு என்னும் வாக்கில் அந்நீதிமன்றம் அளித்த அபிப்பிராயம், கோசோவோவின் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று கூறியதோடு நின்றது. கோசோவோ ஒரு ராஜ்யமா என்னும் வினாவைத் தங்களிடம் எவரும் கேட்கவில்லை என்று நீதிபதிகள் அதனைத் தொடாமலே விட்டனர்.

தாய்நாட்டின் சம்மதம்

இவ்வழக்குகளையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தால், அங்கீகாரத்தின் கதவை மற்றெதையும்விட விரைவாகத் திறப்பது ஒன்றே என்பது புலப்படும்: பிரிந்து செல்வோரைப் பிரியவிடுவதற்குத் தாய்நாடு அளிக்கும் சம்மதம். முப்பதாண்டுப் போருக்குப் பின் எரித்ரியா 1993 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடத்தியபோது, எத்தியோப்பியாவின் புதிய அரசாங்கம் அதனை ஒப்பியது. அடுத்த மாதமே எரித்ரியா சபையின் உறுப்பினராயிற்று. 2011 ஜனவரியில் தெற்கு சூடான் மக்களுள் வாக்களித்தோரில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிரிவினையை விரும்பினர். சூடானின் கார்த்தூம் அரசாங்கம் அதனை ஏற்றது. சுதந்திரம் பெற்ற ஐந்தாம் நாளில் அதற்குச் சபையில் ஆசனம் கிடைத்தது. பிறந்த சில ஆண்டுகளிலேயே அந்நாடு உள்நாட்டுப் போரில் சிதைந்தது என்பது வேறு. அதன் ராஜ்யத் தகுதியை அதற்காக எவரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

சோமாலிலாந்தின் துன்பம் அந்தச் சம்மதம் கிடைக்காததே. தங்களைப் பிரிந்துபோகிறவர்களாக அவர்கள் கருதுவதில்லை. 1960 ஜூன் 26இல் சுதந்திரம் பெற்றபோது இருந்த எல்லைகளுக்கே திரும்புகிறோம் என்கின்றனர். சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மாற்றக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் 1964இல் கெய்ரோவில் கூடிச் செய்த தீர்மானம் தங்களுக்கே சாதகம் என்பது அவர்கள் வாதம். ஐந்துநாள் ராஜ்யத்தின் தலைவராயிருந்த எகாலே 1993இல் ஜனாதிபதியாகி, குலத்தலைவர்களின் சபையை அரசியலமைப்பின் அங்கமாக்கி, ஆயுதம் ஏந்திய இளைஞர்களைச் சேனைக்குள் கொண்டுவந்து, அமைதியை நிலைநாட்டினார். 2003 ஜனாதிபதித் தேர்தலில் நூறு வாக்குகள்கூட வித்தியாசமில்லாமல் தோற்றதாக அறிவிக்கப்பட்ட வேட்பாளர், ஆயுதம் எடுக்காமல் நீதிமன்றத்துக்குச் சென்று, தீர்ப்புக்குப் பணிந்து, 2010இல் தேர்தலில் வென்றே பதவி பெற்றார். 2005இல் அங்கே சென்று பார்த்த ஆப்பிரிக்க ஒன்றியக் குழுவும் இவ்வழக்கு மற்றப் பிரிவினைகளைப் போன்றதன்று என்று கருதியது. ஆயினும் மொகதிஷு சம்மதிக்கவில்லை. மொகதிஷு சம்மதியாத வரையில், தத்தம் நாட்டிலும் இதேபோல் வேறு பிரதேசங்கள் கிளம்பிவிடுமோ என்று அஞ்சும் ஆப்பிரிக்க அரசாங்கங்களும் முன்வரவில்லை. ஐரோப்பாவிலும் இதே அச்சம்தான். கோசோவோவை ஏற்க மறுக்கும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர் ஐவருள், காட்டலோனியாவை உடைய ஸ்பெயினும், வடபகுதியை இழந்து நிற்கும் சைப்ரஸும் இருப்பது தற்செயலன்று.

நமக்கு அருகிலேயே இதற்கோர் உதாரணம் இருந்தது. இலங்கையின் வன்னிப் பகுதியில் 2009 வரை விடுதலைப் புலிகள் நீதிமன்றங்களும், காவல்துறையும், வங்கியும், சுங்கச் சாவடியும் வைத்து ஆண்டனர். அதே காலத்தில் அங்கிருந்த பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசாங்க அதிபர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அந்நிர்வாகத்தை உலகில் எந்த நாடும் ராஜ்யமாக ஏற்கவில்லை. ஆட்சி நடப்பது ஒன்று, அது ராஜ்யமென ஏற்கப்படுவது வேறொன்று என்பதை அங்கே வாழ்ந்த தமிழ் மக்கள் நூல்களின் மூலமாக அறியவேண்டியவர்களாயிருக்கவில்லை.

அங்கீகாரமற்ற பிரஜை

அங்கீகாரம் இல்லாமை அரசாங்கங்களின் மானப்பிரச்சினை மாத்திரமன்று. அது சாதாரண மனிதனின் அன்றாட வாழ்வைத் தொடுவது. வட சைப்ரஸில் வாழ்பவருக்கு எழுதும் கடிதத்தில், துருக்கியின் மெர்சின் நகரத்தைச் சேர்ந்த இடம்போல் முகவரி எழுதினால்தான் அது போய்ச்சேரும். அங்கே செல்லும் விமானங்கள் துருக்கியில் இறங்கியே செல்லவேண்டும். சோமாலிலாந்தின் பாஸ்போர்ட்டை மிகச் சில நாடுகளே மதிக்கின்றன. உலக வங்கியிடமோ சர்வதேச நாணய நிதியத்திடமோ ஒரு ராஜ்யத்துக்குரிய முறையில் அது கடன் கேட்க இயலாது.

இத்துன்பத்தை ஓரளவேனும் தணிக்கும் விதி ஒன்றைச் சர்வதேச நீதிமன்றம் 1971இல் நமீபியாவைப் பற்றிய அபிப்பிராயத்தில் வகுத்தது. நமீபியாவில் தென்னாப்பிரிக்காவின் ஆட்சி சட்டவிரோதமானது, அதனை எவரும் ஏற்கக் கூடாது என்று கூறிய அதே நீதிமன்றம், அந்நிர்வாகம் பதிவுசெய்த பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றைச் செல்லாதவை என்று தள்ளி மக்களை வதைக்கலாகாது என்றும் சொல்லிற்று. அரசாங்கத்தை மறுக்கலாம், அதன் கீழ் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றை மறுக்கலாகாது என்னும் இவ்வபிப்பிராயத்தில் உள்ள மனிதத்தன்மையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அங்கீகரியாமலே பழகும் வழிகளையும் நாடுகள் கண்டுபிடித்திருக்கின்றன. தைவான் 2002 முதல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் ஒரு தனிச் சுங்கப் பிரதேசமாக உறுப்பினராக இருக்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் சைனீஸ் தைபே என்ற பெயரோடு அணிவகுக்கிறது. 1949 டிசம்பர் 30ஆம் தேதி பீகிங் அரசாங்கத்தை அங்கீகரித்த இந்தியா தைவானை ராஜ்யமாக ஏற்பதில்லை. ஆனால் சென்னையில் 2012 முதல் தைபே பொருளாதாரக் கலாசார நிலையம் என்று ஓர் அலுவலகம் நடக்கிறது, விசா முதலிய காரியங்கள் அங்கே நடைபெறுகின்றன, ஸ்ரீபெரும்புதூரில் தைவான் கம்பெனியின் தொழிற்சாலையில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றனர். தூதராலயம் என்னும் பலகை ஒன்றுதான் இல்லை.

கணக்கெடுப்போரின் கடமை

ஆகவே உலகில் எத்தனை நாடுகள் என்று கேட்டால், கேட்பவரின் நோக்கத்தைப் பொறுத்தே விடை மாறுகிறது. ஐக்கிய நாடுகள் சபைக்கு 193. கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவுக்கோ 211 உறுப்பினர். ஸ்காட்லாந்தும் ஃபரோ தீவுகளும் தனித்தனி அணிகளாகவும், கோசோவோவும் தைவானும் பாலஸ்தீனமும் உறுப்பினராகவும் அங்கே இருக்கின்றன. நம் நாட்டு நீதிமன்றங்களுக்கு இதில் மனக்குழப்பமே இல்லை: இந்திய அரசாங்கம் அங்கீகரித்த ராஜ்யத்தையும் அதன் கொடியையும் சாட்சியமின்றியே நீதிமன்றம் ஏற்கவேண்டும் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வகுத்தது, ஒவ்வொரு நாடும் தன் நீதிமன்றங்களுக்குத் தானே பட்டியல் தருகிறது என்பதற்கு இதுவே போதிய அத்தாட்சி. அங்கீகாரம் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. மொராக்கோவின் பிடியிலுள்ள மேற்குச் சஹாராவின் குடியரசை 1985இல் அங்கீகரித்த இந்தியா 2000இல் அதனை விலக்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பாலைவனத்தில் அவ்விரண்டு ஆண்டுகளுக்கிடையே எதுவும் அடியோடு மாறிவிடவில்லை. மாறியது டில்லியின் எண்ணமே.

ஆதலால் பாடப்புத்தகம் எழுதுவோரும், படம் வரைவோரும், பத்திரிகையில் எண்ணிக்கை சொல்வோரும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே பிரித்து விடை கூறுவது நலம். அந்தப் பிரதேசத்தை மெய்யாகவே ஆள்பவர் யார்? அந்த ஆட்சி பிறந்த விதம் நியாயமானதா? அதனை ஏற்றிருப்போர் யார் யார்? முதற்கேள்வி உண்மையைப் பற்றியது. இரண்டாவது சட்டத்தையும் தர்மத்தையும் பற்றியது. மூன்றாவது அரசியலைப் பற்றியது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, நாடு என்றோ நாடன்று என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்பவர், ஏதோ ஒரு தலைநகரத்தின் அபிப்பிராயத்தை உண்மைபோல் நமக்கு விற்கிறார். எண்ணிக்கை சொல்பவர் தம் அளவுகோலையும் சொல்லவேண்டும்; அளவுகோலைச் சொல்லாத எந்தப் பட்டியலையும், அது எவ்வளவு பெரிய ஸ்தாபனத்திலிருந்து வந்தாலும், வாசகர்கள் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.